விளக்குத்தூணும் பழைய குழிகளும்: ரோடு அகலமாகும்போது எதை நகர்த்தலாம்?

கொங்குப் பக்கம் ரோடு அகலமாக்கும் வேலை ஊருக்குள் நுழைந்தால் முதலில் மாட்டிக்கொள்வது புளியமரங்கள், அடுத்து கோயில் முன்னால் நிற்கும் விளக்குத்தூண். மரத்தை வெட்டிவிடுகிறார்கள். தூணை அப்படி வெட்டிப் போட முடியாது என்பதால் பேச்சுவார்த்தை நடக்கும். "அந்தப் பக்கம் புறம்போக்கு சும்மாதானுங்க கிடக்குது, அங்க கொண்டுபோய் நட்டுக்கலாம்" என்று யாராவது ஒருத்தர் சொல்வார். அந்தப் புறம்போக்கில் போய்ப் பார்த்தால் உருண்டைக் கற்கள் வட்டமாகப் பாதி புதைந்து கிடக்கும், நாலடி தள்ளி ஒரு குடும்பத்தின் மூன்று நாலு தலைமுறைச் சமாதிகள் இருக்கும். அந்த இடத்தில்தான் சண்டை தொடங்குகிறது.

ஒரே ஒரு ஊரை எடுத்துப் பேசினால் பேச்சு ஆட்கள் பக்கம் போய்விடும், அதனால் இங்கே ஊர்ப் பெயர் எதுவும் இல்லை. நொய்யலுக்கும் அமராவதிக்கும் நடுவில், ரோட்டோரம் கோயிலும் கோயிலுக்குப் பின்னால் மேட்டு நிலமும் உள்ள ஏதோ ஒரு ஊரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தூண் என்றால் என்ன, குழி என்றால் என்ன, எதை எப்படி நகர்த்துவார்கள், சட்டம் எங்கே வரும், எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தூண் எதற்கு நிற்கிறது

இந்தக் கல்தூணுக்கு ஊருக்கு ஊர் பேர் மாறும். விளக்குத்தூண், தீபஸ்தம்பம், தீபக்கம்பம் என்பார்கள், பெருமாள் கோயிலாக இருந்தால் கருடகம்பம் என்பார்கள். கொங்கில் கோயில் வாசலுக்கு வெளியே, தெருவை ஒட்டியோ தெரு நடுவிலேயோ, உயரமான கருங்கல் தூணாக இது நிற்கும். அடிப்பகுதி சதுரமாக இருக்கும், அதில் சிலை செதுக்கியிருப்பார்கள், சிலவற்றில் நட்டுக் கொடுத்தவர் பேரோடு கல்வெட்டும் இருக்கும். கார்த்திகை தீபத்தன்று உச்சியில் விளக்கு ஏற்றினால் சுற்றுவட்டத் தோட்டங்களுக்கெல்லாம் தெரிய வேண்டும் என்பதுதான் கணக்கு.

கடற்கரைக்காரர்களுக்குக் கலங்கரை விளக்கம் எப்படியோ, கடல் பார்க்காத நம்ம ஊர்களுக்கு இது கிட்டத்தட்ட அப்படி. இரண்டும் தூரத்திலிருந்து தெரிவதற்காகவே கட்டப்பட்டவை, இரண்டும் நிற்கிற இடத்தோடு ஒட்டியவை, சுற்றியுள்ள நிலம் மாறும்போது இரண்டும் ஒரே மாதிரி சிக்கலில் மாட்டுகின்றன. அங்கே கடல் அரித்துக்கொண்டு வருகிறது, இங்கே ரோடு வருகிறது. கலங்கரை விளக்கங்களை நகர்த்திய நாடுகளின் அனுபவம் நமக்கு உதவுவது அதனால்தான், கீழே அதற்கு வருகிறேன்.

'பழைய குழி' என்பது ஒரே பொருள் இல்லை

ஊர்க்கூட்டத்தில் "அங்க குழி இருக்குதுங்க" என்று ஒருத்தர் சொல்லும்போது நாலு விதமான விஷயங்களில் எதைச் சொல்கிறார் என்று முதலில் தெரிய வேண்டும். பாதிச் சண்டை இதைக் குழப்பிக்கொள்வதால் வருகிறது.

1. பெருங்கற்கால ஈமக்குழி. இரும்புக் காலத்தைச் சேர்ந்தது, 2,000 வருடத்துக்கும் மேல் பழையது. ஜனங்கள் பாண்டியன் குழி, பாண்டவர் குழி என்று சொல்வார்கள், மாண்டவர் குழி என்பதுதான் அப்படி மாறிவிட்டது என்று ஒரு விளக்கமும் உண்டு. வெளியே தெரிவது கல்வட்டமும் நடுவில் சிறு கற்கள் குவிந்த மேடும். உள்ளே பலகைக் கற்களை நிறுத்திப் பெட்டி மாதிரி செய்த அறை இருக்கலாம், தாழி இருக்கலாம். இதற்கு உரிமை கொண்டாட இன்று எந்தக் குடும்பமும் இல்லை.

2. நடுகல். ஆநிரை மீட்டோ புலியோடு மோதியோ செத்தவனுக்கு எடுத்த கல். நம்ம பக்கம் புலிகுத்திக் கல் நிறையக் கிடைக்கிறது, ஒரு ஆள் ஈட்டியோ வாளோ பிடித்துப் பாய்கிற புலியைக் குத்துகிற மாதிரி செதுக்கியிருப்பார்கள். கணவனோடு உயிர்விட்ட பெண்ணுக்கு எடுத்த கல்லை வீரமாத்தி என்று கும்பிடுகிற குடும்பங்கள் உண்டு. நடுகல்லின் கீழே உடல் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

3. குடும்பச் சமாதி. நூறு இருநூறு வருடத்துக்குள் இருக்கும். அடக்கம் செய்கிற வழக்கமுள்ள சமூகங்கள், ஆண்டிப் பண்டாரங்கள், சாமியாடி இறந்த பெரியவர்கள் என்று பலருடையது. அமாவாசைக்கு விளக்கு வைக்கிற பங்காளிகள் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்கள்.

4. ஊர் மயானம். இன்றும் பயன்பாட்டில் இருப்பது, வருவாய்ப் பதிவேட்டில் மயானப் புறம்போக்கு என்று ஏறியிருப்பது.

முதல் வகைக்கு ஆள் இல்லை, ஆனால் சட்டமும் ஆராய்ச்சியும் உண்டு. மூன்றாவது வகைக்கு ஆள் உண்டு, ஆனால் பல சமயம் கையில் காகிதம் இருக்காது. ஒரே மேட்டில் இந்த நாலும் சேர்ந்து கிடப்பதும் சகஜம், ஏனென்றால் செத்தவர்களைக் கொண்டுபோன திசை தலைமுறை தலைமுறையாக அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

பதிவேட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கிராமத்து நிலங்களை வரிசையாக எழுதி வைத்திருக்கும் வருவாய்ப் பதிவேட்டை அ-பதிவேடு என்பார்கள். "அ-பதிவேட்டில் அது தரிசு, மயானம்னு எங்கேயும் இல்லை, அப்ப குழி எப்படி வந்தது" என்று கேட்பவர்கள் உண்டு. அளவை செய்து பதிவேடு எழுதியது வெள்ளைக்காரன் காலத்தில். அன்றைக்கு அந்த நிலத்தில் நடந்த பயன்பாட்டைத்தான் எழுதினார்கள். அதற்கு 2,000 வருடம் முன்னால் மூடிய குழி அதில் எப்படி ஏறும்? பாறை, மேய்ச்சல், தரிசு என்று எழுதிய புலங்களில்தான் இந்தக் கல்வட்டங்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன, ஏர் ஓட்டிய நிலத்தில் இருந்தவை எப்போதோ போய்விட்டன. கொறங்காடாக, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடாக விட்ட நிலங்களும் அப்படித்தான் சிலவற்றைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கின்றன. இட்டேரி (தோட்டங்களுக்கு நடுவில் போகிற வண்டிப்பாதை) ஓரம் வேலிக்கு அடுக்கிய கற்களில் சில இந்த வட்டங்களிலிருந்து உருட்டி வந்தவையாகவும் இருக்கும்.

நிலத்தில் நடந்து பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். வட்டமாகக் கற்கள், மண்ணுக்கு மேல் ஒரு விரற்கடை மட்டும் தெரிகிற பலகைக்கல் விளிம்பு, அப்புறம் ஓட்டுச்சில்லு. கருப்பு சிவப்புப் பானை ஓடு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் முழுக்கக் கருப்பு, வாய் விளிம்பும் கருப்பு, வெளியே கீழ்ப்பகுதி சிவப்பு, கருப்பும் சிவப்பும் சேருகிற கோடு ஒழுங்காக இல்லாமல் புகை படிந்த மாதிரி மங்கி இறங்கும். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால், காற்றுப் படாத உள்பக்கமும் வாயும் கருத்துவிட்டன என்பது பொதுவான விளக்கம். பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிட வேண்டும், ஏன் என்பது கீழே.

தூணை நகர்த்த முடியுமா? முடியும்

"எடுத்தா உடைஞ்சு போயிரும்" என்பது முதல் பயம். நியாயமான பயம்தான், ஆனால் பதில் உள்ள பயம்.

அமெரிக்காவில் கேப் ஹட்டராஸ் என்ற இடத்தில் 1870இல் கட்டிய செங்கல் கலங்கரை விளக்கம் ஒன்று இருக்கிறது, உயரம் 60 மீட்டர் இருக்கும். கட்டும்போது கடல் 1,500 அடி தள்ளி இருந்தது, 1970 வாக்கில் 120 அடிக்கு வந்துவிட்டது. நகர்த்தப் போகிறோம் என்றதும் உள்ளூரில் பலமான எதிர்ப்பு, வழியிலேயே இடிந்துவிடும் என்றார்கள், கடலுக்குத் தடுப்புக் கட்டினால் போதும் என்றார்கள். கடைசியில் 1999இல், சுமார் 4,800 டன் எடையுள்ள கோபுரத்தை அடித்தளத்திலிருந்து அறுத்து, ஜாக்கிகளில் தூக்கி, இரும்பு உத்தரங்கள் மேல் உருட்டி, 23 நாளில் 2,900 அடி நகர்த்தி நிறுத்தினார்கள். இன்றும் நிற்கிறது. டென்மார்க்கில் ரூபியர்க் க்னூட் என்ற கலங்கரை விளக்கத்தை 2019 அக்டோபரில் தண்டவாளம் போட்டு 70 மீட்டர் உள்ளே தள்ளினார்கள், அதன் எடை 720 டன்.

நமக்கு இது ரொம்பப் புதிதும் இல்லை. ரோடு மேடாகி வீடு பள்ளமாகிவிட்டால், சுவரின் அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து வீட்டையே மூன்றடி நாலடி உயர்த்துவதைத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் பார்க்கலாம். தத்துவம் ஒன்றுதான், எடையைப் பல புள்ளிகளில் பிரித்து, எல்லாப் புள்ளியையும் ஒரே வேகத்தில் அசைப்பது.

நம்ம கல்தூணின் கணக்கு இதைவிட ரொம்பச் சின்னது. ஒன்றரை அடிச் சதுரம், 25 அடி நீளம் என்று வைத்தால் 56 கன அடி வரும். கருங்கல் கன அடிக்கு ஏறத்தாழ 75 கிலோ. ஆக, நாலு டன்னுக்குக் கொஞ்சம் மேல், மண்ணுக்குள் இருக்கிற பகுதியும் அடிப்பீடமும் தனி. கிரேனுக்கு இது ஒரு எடையே இல்லை. ஆபத்து எடையில் இல்லை, வளைவில் இருக்கிறது. கருங்கல் எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், வளைத்தால் தாங்காது. நின்றுகொண்டிருந்தவரை தூணுக்கு அழுத்தம் மட்டும்தான், அதைப் படுக்க வைக்கிற நிமிடத்தில் வயிற்றுப் பகுதி தொங்கப் பார்க்கும், அப்போதுதான் விரிசல் விடும். அதனால்:

1. தூக்கும் முன் விரிசலைத் தேட வேண்டும். சிறு மரச்சுத்தியால் தட்டினால் நல்ல கல் கணீரென்று பேசும், விரிசல் உள்ள இடம் மந்தமாகப் பேசும் என்பதைக் கல்தச்சர்கள் சொல்லித் தருவார்கள். ஒலியலைக் கருவி வைத்தும் பார்க்கலாம்.
2. மண்ணுக்குள் எத்தனை அடி இருக்கிறது என்று ஓரமாகச் சிறு குழி எடுத்துப் பார்க்க வேண்டும். குத்துமதிப்பாக இழுத்தால் அடி முறியும்.
3. சங்கிலி கூடாது, அகலமான நைலான் பட்டைதான் போட வேண்டும், பட்டைக்கும் கல்லுக்கும் நடுவில் மெத்தையும் மரக்கட்டையும் வேண்டும். கூடவே இரும்பு உத்தரத்தைத் துணைக்குக் கட்டிவிட்டால் வளைவை அது வாங்கிக்கொள்ளும்.
4. சீரான தூணைப் படுக்கையில் இரண்டு இடத்தில் பிடித்துத் தூக்கினால், இரு முனையிலிருந்தும் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளிப் பிடிப்பதுதான் குறைந்த வளைவு தரும். முனைகளில் பிடிப்பது மோசம், நடுவில் மட்டும் பிடிப்பதும் மோசம்.
5. எடுக்கும் முன்பே நாலு முகமும் படம், அளவு, எந்தச் சிலை எந்தத் திசை பார்க்கிறது, கல்வெட்டு இருந்தால் படி எடுத்தல். திரும்ப நடும்போது கிழக்கு பார்த்த முகம் கிழக்கைத்தான் பார்க்க வேண்டும்.

ஐந்தாவதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். சிமெண்டைக் கல்வெட்டின் மேல்வரை பூசிவிட்டு, கடைசி இரண்டு வரி மண்ணுக்குள் போகிற மாதிரி நட்டுவிட்டால் தூண் உடையவில்லைதான், ஆனால் அது சொல்ல வந்தது போய்விட்டது.

குழியை நகர்த்தினால் என்ன மிஞ்சும்

தூண் கல்லால் ஆனது, குழி உறவால் ஆனது. எந்தப் பொருள் எதன் பக்கத்தில், எதன் மேல், எந்த ஆழத்தில் இருந்தது என்பதுதான் குழி. கல்லையும் பானையையும் எடுத்துப்போய் வேறு இடத்தில் அடுக்கினால் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் அதைப் படிக்க முடியாது.

உதாரணத்துக்குப் பழனி பக்கம் பொருந்தல். தொல்லியல் ஆய்வாளர் கா. ராஜன் தலைமையில் 2009–10இல் அங்கே தோண்டிய ஒரு ஈமக்குழிக்குள் நெல் வைத்திருந்த சாடி ஒன்று கிடைத்தது, அதே குழியில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானைத் தாங்கி ஒன்றும் கிடைத்தது. நெல்லைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பினார்கள், பொ.ஆ.மு. (கி.மு.) 490 வாக்கில் என்று வந்தது. எழுத்தைக் காலக்கணிப்புச் செய்ய முடியாது, நெல்லைச் செய்யலாம், இரண்டும் ஒரே குழியில் இருந்ததால்தான் நெல்லின் வயதை எழுத்துக்கு வைத்துப் பேச முடிந்தது. அந்த முடிவை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை, வாதம் நடந்தது. வாதம் நடத்துவதற்கே கூட நெல்லும் எழுத்தும் ஒரே குழியில் இருந்தது என்ற பதிவு வேண்டியிருந்தது. பொக்லைன் வந்து அந்த மேட்டைச் சமன் செய்திருந்தால் ஒரு கை நெல்லும் ஒரு உடைந்த ஓடும் மண்ணோடு லாரியில் ஏறியிருக்கும்.

நம்ம நொய்யல் கரைக் கொடுமணலும் அப்படித்தான் பேசத் தொடங்கியது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர் இதுதான் என்று அடையாளம் கண்டு, 1985இலிருந்து தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியது, பிறகும் பல கட்டமாகத் தோண்டினார்கள். கல்மணி செய்த பட்டறைகள், இரும்பு உருக்கிய உலைகள், எழுத்துப் பொறித்த ஓடுகள், ஊருக்குப் பக்கத்திலேயே ஈமக்காடு. மணி செய்த இடமும் அதைப் போட்டுக்கொண்டவர்கள் புதைந்த இடமும் அடுத்தடுத்து இருப்பதால்தான் அந்த ஊரின் கதையைக் கோக்க முடிகிறது.

உலக அளவில் நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் 1964ஆம் வருட வெனிஸ் சாசனத்தின் 7ஆவது பிரிவும் இதைத்தான் சொல்கிறது. ஒரு நினைவுச்சின்னத்தை அதன் வரலாற்றிலிருந்தும் அது நிற்கிற சூழலிலிருந்தும் பிரிக்க முடியாது, அதைக் காப்பாற்ற வேறு வழியே இல்லை என்றாலோ, மிக முக்கியமான தேசிய, சர்வதேச நலன் இருந்தாலோ மட்டும்தான் நகர்த்தலாம். ரோட்டில் ஒரு வளைவை நேராக்குவது அந்த அளவுக்கு வருமா என்று ஒவ்வொரு ஊரும் கேட்டுக்கொள்ளலாம்.

டென்மார்க் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். அந்தக் கலங்கரை விளக்கம் நின்ற அதே கடற்கரையில், கொஞ்ச தூரத்தில் மோரூப் என்ற பழைய தேவாலயமும் அதன் கல்லறைத் தோட்டமும் இருந்தன. விளக்கை முழுசாக நகர்த்தினார்கள். தேவாலயத்தை 2008 முதல் கல் கல்லாகப் பிரித்தெடுத்தார்கள். கல்லறைகளோ மண்சரிவோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் பக்கம் போயின. ஒரே கரை, ஒரே கடல், மூன்றுக்கும் மூன்று முடிவு. எது நகரும் எது நகராது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நம்ம ஊரிலும் உண்டு. பவானிசாகர் அணை 1955இல் முடிந்தபோது டணாயக்கன் கோட்டை தண்ணீருக்குள் போனது. நீர்மட்டம் ரொம்பக் குறைகிற வருடங்களில் மாதவராயப் பெருமாள் கோயில் வெளியே தெரியும், ஜனங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். மேட்டூரில் பண்ணவாடிப் பக்கம் நந்தி தலை தெரிகிற மாதிரிதான் அதுவும். கோயில் தெரிகிறது. அந்த ஊர்களின் இடுகாடுகள் எங்கே இருந்தன என்று யாரும் தேடிப் போவதில்லை.

சட்டம் எங்கெல்லாம் வரும்

1. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னமாக இருந்தால் 1958ஆம் வருடச் சட்டமும் 2010 திருத்தமும் பொருந்தும். எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு மேல் இன்னொரு 200 மீட்டர் கட்டுப்பாடுள்ள பகுதி. மாநிலப் பாதுகாப்பில் இருந்தால் தமிழ்நாட்டின் 1966ஆம் வருடச் சட்டம். ஆனால் கொங்கில் உள்ள பெரும்பாலான கல்வட்டங்களும் நடுகற்களும் இந்த இரண்டு பட்டியலிலும் கிடையாது. பட்டியலில் இல்லை என்றால் மதிப்பு இல்லை என்று அர்த்தமில்லை, யாரும் இன்னும் எழுதிப் போடவில்லை என்றுதான் அர்த்தம்.

2. மண்ணுக்குள்ளிருந்து மதிப்புள்ள பொருள் கிடைத்தால் 1878ஆம் வருடப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவானாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது அந்தக் காலத்துக் கணக்கு, சட்டத்தில் இன்னும் அதே எண்தான். சூதுபவளம் என்கிற சிவப்புக் கல்லில் செய்த ஒரு மணி கிடைத்தால்கூட இது பொருந்தும் என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

3. கோயில் அறநிலையத் துறையின் கீழ் இருந்தால் தூணும் கோயில் சொத்து. ஊர்ப் பெரியவர்களும் ஒப்பந்தக்காரரும் பேசி முடித்துக்கொள்ள முடியாது. பழமையான கோயில் பணிகளுக்குத் துறையின் வல்லுநர் குழுக்கள் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

4. பொது இடத்தில் புதிதாக அனுமதியில்லாத வழிபாட்டுக் கட்டுமானம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரில் உத்தரவிட்டது. ஆக, தூணைப் புறம்போக்கில் கொண்டுபோய் நட்டால், நாளைக்கு அதுவே ஆக்கிரமிப்பு என்று ஒருத்தர் வழக்குப் போட இடம் உண்டு. "சும்மா கிடக்கிற புறம்போக்கு" என்ற யோசனையின் பெரிய ஓட்டை இதுதான், கூட்டத்தில் யாரும் இதைச் சொல்வதில்லை.

5. சமாதிகளைப் பொறுத்தவரை, பிறர் மனம் புண்படும் என்று தெரிந்தே அடக்க இடத்தில் அத்துமீறி நுழைவது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 297ஆவது பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 301. பட்டா யார் பேரில் இருந்தாலும் இது பொருந்தும்.

இரண்டு பக்கமும் சொல்வதில் எவ்வளவு நியாயம்

கோயில் பக்கம் இருப்பவர்கள் சொல்வது, தூணைக் குழிமேட்டுக்குப் பக்கத்தில் வைப்பது தீட்டு, நட்ட இடத்தைவிட்டு எடுத்தால் ஊருக்கு ஆகாது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது தப்பு, பேச்சும் அதோடு முறிந்துவிடும். ஆனால் மரபுக்குள்ளேயே நகர்த்துவதற்கு வழி இருக்கிறது. கோயிலில் திருப்பணி நடக்கும்போது பாலாலயம் செய்து சாமியின் சக்தியைக் கலசத்துக்கு மாற்றி, வேலை முடிந்ததும் கும்பாபிஷேகம் செய்கிறோம், தூணுக்கும் அதே முறையில் செய்யலாம். நடுகல்லுக்கோ தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது, காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிக் கண்டு, கொண்டுவந்து, நீராட்டி நட்டதே ஒரு நகர்த்தல்தானே. தீட்டு என்கிற வாதமும் முழுசாக நிற்காது, வீரமாத்தியையும் வேட்டைக்காரன் சாமியையும் கும்பிடுகிற நாம் செத்தவர்களின் கல்லைச் சுற்றித்தான் பல குலதெய்வக் கோயில்களைக் கட்டியிருக்கிறோம்.

சமாதிக் குடும்பங்கள் சொல்வது வேறு. "எங்க அப்பாருசாமி மேல கிரேனை ஏத்தறீங்களா?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு மரபிலும் பதில் இல்லை, பொறியியலிலும் பதில் இல்லை. அவர்களிடம் பல சமயம் யாரும் கேட்பதும் இல்லை, ஏனென்றால் ஊர்க்கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருகிற குடும்பங்கள் கோயிலில் பரம்பரை உரிமையுள்ள முறைக்காரர்கள், சமாதிக் குடும்பங்கள் பெரும்பாலும் கடைசியில் நிற்பவர்கள். யாருடைய இறந்தவர்கள் 'காலி இடம்' என்று கணக்கில் எடுக்கப்படுகிறார்கள் என்பதை அந்தக் கூட்டத்தின் உட்கார்ந்த வரிசையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இது எனக்கு வலிக்கிறது, வலிக்க வேண்டிய விஷயம்தான்.

நெடுஞ்சாலைக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. தெரு நடுவில் நிற்கிற தூணில் ராத்திரியில் வண்டி மோதினால் ஆளும் போகும், தூணும் போகும். அப்படியே விட்டுவிடுங்கள் என்பது எல்லா ஊருக்கும் பதிலாகாது.

எந்த வரிசையில் முடிவெடுப்பது

முதலில் அசைய வேண்டியது ரோடு. மையக்கோட்டை ஒரு பக்கம் தள்ள முடியுமா, தூணை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் ரோட்டைப் பிரிக்க முடியுமா, லாரிகளைப் புறவழிச்சாலையில் விட முடியுமா என்று பார்க்க வேண்டும். காகிதத்தில் இருக்கும்போது கோட்டை மாற்ற ஒரு பென்சில் போதும், அளவுக்கல் நட்டபிறகுதான் அது கஷ்டமாகிறது.

அது முடியாது என்றால் தூண் அசையலாம். ஆனால் எவ்வளவு குறைந்த தூரமோ அவ்வளவு குறைவாக, கோயிலின் சொந்த நிலத்துக்குள், வாசலுக்கு நேராக, அதே திசை பார்த்து. பத்தடி பின்னால் தள்ளி நட்டால் அது அதே கோயிலின் விளக்குத்தூண்தான். அரை கிலோமீட்டர் தள்ளி மேட்டில் நட்டால் அது வெறும் கல்கம்பம்.

குழிகள் அசையக் கூடாது. அதன் பக்கத்தில் தூணை நடுவதும் கூடாது. தூணின் அளவு ஒன்றரை அடிதான், ஆனால் அதற்கு அஸ்திவாரக் குழி ஆளுயரத்துக்கு மேல் ஆழமாகவும் அகலமாகவும் எடுக்க வேண்டும், கல்லறைப் பெட்டிகள் இருப்பதும் ஏறத்தாழ அந்த ஆழத்தில்தான். அதைவிடப் பெரிய சேதம் கிரேனால் வரும். தூணைப் பிடித்துக்கொண்டு கிரேன் கால் ஊன்றும்போது எடை முழுக்க நாலு சிறிய தட்டில் இறங்கும், கீழே மூடுகல் இருந்தால் மேலே ஒன்றும் தெரியாமலே உள்ளே நொறுங்கும். அதனால் தூண் நடுகிற புள்ளியை மட்டும் சோதித்துவிட்டுக் "குழி எதுவும் இல்லை" என்று எழுதிக்கொடுப்பது போதாது, கிரேனும் லாரியும் வருகிற தடம் முழுவதும் நடந்து பார்க்க வேண்டும், முடிந்தால் தரை ஊடுருவும் ரேடாரும் ஓட்ட வேண்டும்.

ஊர்க்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதற்கு முன்னால் ஒரு காலையில், வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் மேட்டுக்குப் போய், கற்களின் நிழல் நீளமாக விழும்போது படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் அளவுக்கு ஒரு குச்சியையோ ஸ்கேலையோ வையுங்கள், வடக்கு எது என்று அம்பு போடுங்கள், செல்போனில் இருப்பிடத்தைப் பதிவாக விடுங்கள். எதையும் தோண்டாதீர்கள், எடுக்காதீர்கள். புலப்படத்தின் (அந்த நிலத்தின் அளவை வரைபடம்) நகலில் கல்வட்டம் எங்கே, நடுகல் எங்கே, சமாதி எங்கே, அந்தச் சமாதிக்கு விளக்கு வைப்பது யார் என்று பென்சிலில் குறித்து, அதைத் தீர்மானத்தோடு சேர்த்து தாசில்தாருக்கும் தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள்.

கேப் ஹட்டராஸில் கோபுரம் போனபிறகு, பழைய அடித்தளக் கருங்கற்களில் அங்கே வேலை பார்த்த விளக்குக் காவலர்கள் 83 பேரின் பெயரைப் பொறித்து, கோபுரம் நின்ற பழைய இடத்தில் வட்டமாக வைத்தார்கள். கடல் அங்கேயும் வந்தது, மணல் மூடியது, 2015இல் அந்தக் கற்களையும் தூக்கிப் புது இடத்துக்குக் கொண்டுவர வேண்டியதாகிவிட்டது. இடம் மாறினாலும் யார் யார் அங்கே வேலை பார்த்தார்கள் என்ற பதிவு கல்லிலேயே இருக்கிறது. நம்ம மேட்டில் கிடக்கிற வட்டத்துக்கு அப்படி ஒரு பதிவை இன்னும் யாரும் எழுதவில்லை.